காரைக்குடியில் ஆறு மாதம்: வேலையை மாற்றிக்கொள்ள வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையை விட்டுவிட்டுச் செட்டிநாட்டுப் பக்கம் வந்து கொஞ்ச நாள் தங்கி, வேறு ஒரு தொழில் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது எனக்குப் போன் செய்கிறார்கள். பெரும்பாலும் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள், வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

நான் திருநெல்வேலிக்காரி. சென்னையில் 13 வருடம் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அதை விட்டுவிட்டு மகனோடு காரைக்குடிக்கு வந்தேன். ஓர் ஆச்சியிடம் செட்டிநாட்டுப் பலகாரம் கற்றுக்கொண்டு, இப்போது அதையே தொழிலாகச் செய்கிறேன். கணவர் சென்னையில் வேலையில்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் பல்லவன் ரயிலைப் பிடித்தால் ராத்திரி இங்கே இறங்கிவிடுவார்.

இந்த ஊர் எனக்குக் கொடுத்த ஒரு சொல்லை முதலில் சொல்லிவிடுகிறேன்: பெட்டியடிப் பையன். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் தாண்டிப் போய்க் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடைகளில் வேலைக்குச் சேருகிற பிள்ளை முதலில் பெட்டியடிப் பையன். ஏவின வேலையைச் செய்துகொண்டு, பெரியவர்கள் கணக்கு எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். பிறகு அடுத்தாள். அதற்கும் பிறகுதான் மேலாள், கடையை நடத்துகிறவர். வசதியான வீட்டுப் பிள்ளையும் இந்தப் படிகளில் ஏறித்தான் போனான், யாரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை. பதின்மூன்று வருட அனுபவத்தோடு வந்த எனக்கு, மறுபடி எழுத்துக் கூட்டிப் படிக்கிற நிலையில் நிற்பது பெரிய வலியாக இருந்தது. அந்த நிலைக்கு இந்த மண்ணில் ஒரு பெயரும் மரியாதையும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மனம் அடங்கியது. கீழே சொல்கிற ஆறு மாதத்தையும் அந்த மூன்று நிலைகளாகத்தான் பிரித்திருக்கிறேன்.

1. புறப்படுவதற்கு முன்

ஆறு மாதம் என்று திட்டம் போட்டால் ஒன்பது மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தொழிலுக்கான முதல் இதில் சேராது, அதைத் தனியே ஒதுக்க வேண்டும்.

அலுவலகம் கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்தே போய்விடும். புதிதாகப் பாலிசி எடுத்தால் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும், முன்பே இருக்கிற நோய்களுக்கு 3 வருடம் வரை. ஆகவே நோட்டீஸ் காலத்திலேயே சொந்தப் பாலிசியை எடுத்துவிடுங்கள். அலுவலகப் பாலிசியை அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். பி.எஃப். பணத்தில் கை வைக்காதீர்கள். தொடர்ந்து 5 வருடப் பணி முடியாதவர்கள் எடுத்தால் வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, படிவம் 16 மூன்றையும் கையில் வாங்கிக்கொண்டு ரயிலேறுங்கள். எனக்கு ஒரு கடிதத்தை அனுப்பிவைக்கிறோம் என்றார்கள், நம்பி வந்துவிட்டேன். அதற்காக மூன்று தடவை சென்னைக்கும் காரைக்குடிக்கும் அலைந்தேன். கற்றுக்கொள்ள வேண்டிய முதல் மாதத்தில் பத்து நாள் அதிலேயே போயிற்று.

2. வீடு

எல்லாருக்கும் பழைய செட்டிநாட்டு வீட்டில் தங்க ஆசை வரும், எனக்கும் வந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவரில் கை வைத்தால் சித்திரை வெயிலிலும் குளுமை தெரியும். ஆனால் அந்த வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் சென்னையில். ஒருவர் வாடகைக்கு விட்டு இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நடுவில் நிற்பது நீங்கள். எல்லாப் புள்ளிகளுக்கும் சம்மதமா என்று கேட்டு, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். (புள்ளி என்பது நகரத்தார் கணக்கில் ஒரு குடும்பம்.) முற்றம் கூட்டித் துடைக்கவே தினம் ஒரு மணி நேரம் வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு மாதத்துக்குச் செக்காலை, சுப்பிரமணியபுரம், கல்லூரி சாலைப் பக்கம் சின்னதாக ஒரு புது வீடு போதும். பள்ளிக்கூடம், கடை, பஸ் எல்லாம் கிட்டத்தில். சென்னையில் கொடுத்த வாடகையில் மூன்றில் ஒரு பங்குதான் எனக்கு ஆகிறது. மாடி வீடு வேண்டாம், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் சித்திரை, வைகாசியில் பகலில் இருக்க முடியாது. தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று வீட்டுக்காரரைக் கேட்பதோடு பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்.

3. யாரை எப்படிக் கூப்பிடுவது

சின்ன விஷயம்போலத் தோன்றும், கற்றுக்கொடுக்கிறவர் மனம் இதில்தான் திறக்கிறது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி. இங்கே நகரத்தார் வீட்டுப் பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல் அது. அக்கா வயதில் இருப்பவரும் ஆச்சிதான். முதல் வாரத்தில் நாற்பது வயதுப் பெண்ணை ஆச்சி என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை, அக்கா என்றேன். எதிர்வீட்டுக்காரர்தான் மெதுவாகத் திருத்தினார். அவர்கள் வீட்டில் அப்பா அப்பச்சி, அம்மா ஆத்தா, அம்மாவின் அம்மா ஆயா, அப்பாவின் அம்மா அப்பத்தா, தாத்தா ஐயா. சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஆயா என்ற சொல்லைக் கேட்டு வேலைக்காரரைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

நகரத்தார் மட்டும் வாழ்கிற ஊர் இல்லை இது. கடைத்தெருவில், பஸ்ஸில், மில்லில் அண்ணே, அக்கா, ஐயா, அம்மா என்று சொன்னால் எங்கேயும் பொருந்தும். பலகாரம் என்றால் இங்கே காலை இட்லி தோசையும் அடக்கம். சாயங்காலம் சாப்பிடுவது இடைப்பலகாரம். தொட்டுக்கொள்ளும் கறிவகை வெஞ்சனம். "என்ன வெஞ்சனம்?" என்று கேட்டால் உங்களை வீட்டு ஆளாக நினைத்துக் கேட்கிறார்கள்.

4. பெட்டியடி: முதல் இரண்டு மாதம்

ஒரு தொழிலை முடிவுசெய்துகொண்டு வந்திருந்தாலும் முதல் இரண்டு மாதம் எதையும் விற்காதீர்கள், எதற்கும் பெயர் வைக்காதீர்கள், பலகை மாட்டாதீர்கள். ஒருவரைக் கண்டுபிடித்து அவரிடம் எடுபிடி வேலை செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்.

எனக்குக் கிடைத்த ஆச்சிக்கு எழுபது வயது. கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பவர். கற்றுக்கொள்ள எவ்வளவு கட்டணம் என்று கேட்டேன். "காசு கெடக்கட்டும் ஆத்தா. காலையில ஏழு மணிக்கு வந்து உளுந்துல கல்லுப் பொறுக்கு. பெறகு பாப்போம்" என்றார். பதினெட்டு நாள் பொறுக்கினேன். அந்தப் பதினெட்டு நாளில் அடுப்பையே தொடாமல் கற்றதுதான் அதிகம். எந்த மில் உளுந்து நுரைத்துப் பொங்குகிறது, புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் தண்ணீர் எப்படி மாறுகிறது, மழை நாளில் மாவை எவ்வளவு நேரம் உலர்த்த வேண்டும் என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்தது.

வெள்ளைப் பணியாரத்துக்கு அவர் அளவு சொன்ன விதத்தைப் பாருங்கள். ஓர் உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி எடுக்க வேண்டும், அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். நிற்கிற அளவு நின்று, வழிகிறது வழிந்துவிடும். அதுதான் கணக்கு. ஊறவைத்து வெண்ணெய்போல் அரைத்து, புளிக்கவிடாமல், உப்போடு துளி சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்து, கரண்டியால் மொண்டு எண்ணெயில் ஊற்ற வேண்டும். ஓரம் மட்டும் முறுகி, நடு வெள்ளையாக உப்பி வர வேண்டும். சிவந்தால் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. வீட்டில் தராசு வைத்து கிராம் கணக்கில் எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. ஆனால் உளுந்து மாறிய அன்று என் கிராம் கணக்கு பொய்த்தது, ஆச்சியின் கோபுரம் பொய்க்கவில்லை. ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மரவேலை, கண்டாங்கிச் சேலை நெசவு, பனையோலைக் கொட்டான் (கூடை) பின்னல், ஆத்தங்குடித் தரைக்கல் என்று எதைக் கற்க வந்தாலும் இந்த முறைதான். படிப்பு வழியாகத் துறை மாற நினைக்கிறவர்களுக்கு அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, தொலைநிலைக் கல்வியும் உண்டு. அதை உருவாக்க வித்திட்ட வள்ளல் அழகப்பச் செட்டியாரே சட்டம் படித்து, ஆலைத் தொழிலில் பெரும்பொருள் சேர்த்து, அதையெல்லாம் கல்விக்குக் கொடுத்தவர். இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக மட்டும் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். சாயங்காலம் கல்லூரி சாலையில் நடக்கும்போது அந்த மனிதரை நினைக்காமல் என்னால் நடக்க முடிவதில்லை. 48 வயது நிறைவதற்குள், 1957-இல், போய்விட்டார்.

5. நாளுக்கு ஒரு வடிவம்

வேலை இருந்தபோது நாளை அலுவலகம் பிடித்து வைத்திருந்தது. அது போனதும் காலை பத்து மணிக்குப் போனைப் பார்க்கத் தொடங்கினால் மத்தியானம் ஆகிவிடும். அந்த வெறுமைதான் பணக்கவலையைவிட ஆளைத் தின்னும்.

இந்த ஊர் வெயில் ஒரு நல்ல அட்டவணை கொடுக்கிறது, அதைக் கேட்டு நடங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, பதினொன்றரைக்குள் கை வேலை எல்லாம் முடிந்துவிட வேண்டும். பன்னிரண்டிலிருந்து நாலு வரை வெளியே போகாதீர்கள். சாப்பாடு, சின்னத் தூக்கம், கணக்கு, படிப்பு. நாலரைக்கு மேல் கடைத்தெரு, சந்திப்புகள், நடை.

கணக்கு என்றேன். ஒரு நோட்டு போடுங்கள், கைபேசிச் செயலி வேண்டாம். அன்றன்றைய வரவு செலவை ராத்திரி படுக்கும் முன் எழுதுங்கள். மாதக் கடைசியில் ஐந்தொகை போடுங்கள். என்ன வைத்திருக்கிறோம், யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதுகிற நகரத்தார் வழக்கம் அது. எனக்கு முதல் மூன்று மாதம் வரவுப் பக்கம் வெறுமையாகவே இருந்தது. அதை எழுதாமல் தள்ளிப்போட்டிருந்தால் பயம் பெரிதாகியிருக்கும். எழுதிப் பார்த்தபோது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பது ஓர் எண்ணாகத் தெரிந்தது, எண்ணோடு வாழ முடிகிறது.

6. சாப்பாடு

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். ஊர் ஊராகச் "செட்டிநாடு" என்று பலகை மாட்டிய கடைகளில் கண்ணில் நீர் வர வைக்கிற அந்தக் காரம் இந்த வீடுகளின் சமையல் இல்லை. இங்கே மணம்தான் முன்னால் வரும். மிளகு, சோம்பு, கல்பாசி, மராத்தி மொக்கு என்று அன்றன்றைக்கு வறுத்து அரைத்ததின் மணம். அரைத்து ஒரு மாதம் ஆன பொடியில் மணம் போய்விடும், அப்போதுதான் காரத்தைக் கூட்டித் தேற்றுவார்கள். முதல் வாரமே ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், அதற்கு மேல் கடைச் சாப்பாட்டை எடைபோடத் தெரிந்துவிடும்.

தனியாக வருகிறவர்கள் மெஸ்ஸையே நம்பி இருக்காமல் மூன்று வெஞ்சனங்களாவது செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். வெண்டைக்காய் மண்டி முதலில். அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், வேகவைத்த மொச்சை போட்டுக் கொதிக்கவிடுவது. நாள் போகப் போக ருசி கூடும், இரண்டு நாள் வைத்துச் சாப்பிடலாம். அடுத்தது கோசமல்லி. கத்திரிக்காயை வேகவைத்துப் பிசைந்து புளித்தண்ணீரில் சேர்த்துச் செய்கிற அது இடியாப்பத்துக்கும் இட்லிக்கும் சேரும். மூன்றாவது திரக்கல், தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்ட காய்கறிக் குழம்பு, பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் தொண்டி மீன் எப்போது வந்து இறங்குகிறது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கவுனி அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. கறுத்த, பசையுள்ள அரிசி. பர்மாவோடு இருந்த உறவில் இந்த வீடுகளுக்குள் வந்தது, இன்று கல்யாணப் பந்தியில் அது இல்லாமல் இல்லை. ராத்திரி ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் சேர்ப்பது. அதைக் கிளறிக்கொண்டே ஒரு நாள் ஆச்சி தன் மாமனாரின் அப்பாவைப் பற்றிச் சொன்னார். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கடையைப் பூட்டிவிட்டு நடந்தே கிளம்பியவராம். பேரேடு இரண்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார், அதில் எழுதியிருந்த கடன் எதுவும் வசூலாகவில்லை. நாற்பத்தேழு வயதில் ஊருக்கு வந்து மளிகைக்கடையில் கணக்கெழுத உட்கார்ந்தார். "மேலாளா இருந்தவுக. திரும்பவும் கீழ இருந்து வந்தாக" என்றார் ஆச்சி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கியது, அடுப்புப் புகை என்று சமாளித்தேன்.

7. வாரம் ஒரு நாள் வெளியே

வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் எனக்கு இந்தப் பயணங்களில் டீச்செலவு மட்டும்தான். ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும். சுற்றிப் பார்க்கிறவராகப் போகாமல், அந்த ஊர்த் தொழிலைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஆத்தங்குடியில் இருந்து தொடங்குங்கள். கல் போடுகிற பட்டறைகளில் அனுமதி கேட்டால் பார்க்க விடுவார்கள். தரையில் ஒரு கண்ணாடித் தகடு, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத் தகரம். அந்த அறைகளில் சாயம் கலந்த சிமெண்ட்டைக் கரண்டியால் ஊற்றி, தகரத்தைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். மேலே உலர்ந்த மணலும் சிமெண்ட்டும் தூவி, அதன் மேல் ஈரக் கலவை வைத்துத் தேய்த்து எடுத்துவைப்பார்கள். பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கண்ணாடியை எடுக்கும்போது தெரிகிற பளபளப்புக்கு வேறு மெருகு கிடையாது. எவ்வளவு நாளில் கற்றீர்கள் என்று அங்கே ஓர் அண்ணனைக் கேட்டேன். "மொத வருசம் மண்ணுதாங்க சலிச்சேன்" என்றார். அன்று ராத்திரி என் பதினெட்டு நாளை நினைத்துப் பெருமைப்படுவதை நிறுத்திக்கொண்டேன்.

பெரிய செட்டிநாட்டு வீடுகள் நிறைந்த கானாடுகாத்தானுக்கு விடியற்காலையில் போங்கள், ஒன்பது மணிக்குள். தெருக்களை நடந்து பார்க்க வேண்டும். பூட்டிய வீடுகள் அதிகம். திறந்திருந்தாலும் கூப்பிடாமல் முகப்பில் ஏறாதீர்கள், அது குடியிருக்கும் வீடு. பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் ஒரே காலையில் முடியும். பிள்ளையார்பட்டிக் குடைவரையில் இரண்டே கைகளோடு, துதிக்கை வலப்பக்கம் சுழித்து வடக்கு நோக்கி அமர்ந்திருக்கும் பிள்ளையாரைக் கூட்டம் இல்லாத நாளில் நின்று பார்த்தால்தான் மனம் நிறையும். விநாயகர் சதுர்த்தியன்று முக்குறுணி மோதகம் என்று ஒரே மோதகமாகச் செய்து படைப்பார்கள், பலகாரத் தொழிலுக்கு வருகிறவர்கள் அதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். குன்றக்குடியில் மலையேற்றம் சிறிது, மயில்கள் அகவும்.

திருமயம் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. கோட்டை மேல் பாறையில் நிழல் இல்லை, தொப்பியும் தண்ணீரும் வேண்டும். கீழே சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். மார்கழிப் பக்கம் வந்தால் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிக்குப் பறவை பார்க்கப் போகலாம். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர்க்காரர்கள் அவர்கள்.

காரைக்குடிக்குள்ளேயே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள். எனாமல் தட்டு, வெண்கல உருளி, பூட்டு, தூண், கதவு, யார் வீட்டுக் கல்யாணப் படமோ ஒன்று. உருளி வாங்கினால் தட்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் ஓசை கெட்டிருக்கும். என் தேன்குழல் நாழி அங்கே வாங்கியது. பிடியில் யாரோ ஒருவரின் கை தேய்ந்த பள்ளம் இருக்கிறது, பிழியும்போது என் கட்டைவிரல் சரியாக அதில் உட்கார்ந்துகொள்கிறது.

8. ஊர் என்ன சொல்லும்

கேட்பார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன வேலை, ஏன் விட்டீர்கள், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா. இதில் தீங்கு இல்லை. புதிதாக வந்தவரை வைக்க ஓர் இடம் தேடுகிறார்கள், அவ்வளவுதான். "கொஞ்ச நாள் பிரேக்" என்று சொன்னால் அந்த இடம் அவர்களுக்குக் கிடைக்காது, மறுநாளும் கேட்பார்கள். "பலகாரம் படிக்க வந்திருக்கேன், இன்ன ஆச்சிகிட்ட" என்று சொன்ன அன்றோடு எனக்குக் கேள்விகள் நின்றன. சொந்தக்காரர்களுக்கும் இப்படி ஒரே வரிப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவுக்கு அந்த ஒரு வரி போதவில்லை. எட்டு மாதம் சரியாகப் பேசவில்லை. அதற்கு ஒரு வழி சொல்ல என்னிடம் இல்லை, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்துகொண்டே இருந்தேன்.

எதிர்க்கருத்துகளை முழுதாகத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் "மாசச் சம்பளம் ஒரு தடவ விட்டாப் போச்சும்மா" என்பார். கசப்பாக இருக்கும். ஒரு நாள் நின்று, "ஐயா, அப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, எத்தனை மாதத்துக்குக் கையிருப்பு, அது எந்த எண்ணுக்கு இறங்கினால் நீ மறுபடி வேலை தேடுவாய் என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அன்றே ஓர் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். நீங்களும் எழுதுங்கள். இவ்வளவுக்குக் கீழே போனால் இன்ன தேதியில் வேலைக்கு விண்ணப்பிப்பேன் என்று. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வந்தது.

பிடித்ததையே செய்தால் பணம் தானே வரும் என்று தைரியம் சொல்கிறவர்களும் உண்டு. அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் அதில் நம்பிக்கை வைக்காதீர்கள். எனக்குப் பணியாரம் பிடிக்கும், உளுந்து விலைக்கு அது தெரியாது.

9. அடுத்தாள்: மூன்றாவது, நான்காவது மாதம்

இப்போது ஒரே ஒரு வேலையை உங்கள் பொறுப்பில் கேட்டு வாங்குங்கள். எனக்கு மாவுருண்டை கிடைத்தது: பாசிப்பருப்பை வறுத்து அரைத்து, சர்க்கரைப் பொடி சேர்த்து, சூடான நெய் ஊற்றிப் பிடிப்பது. அடுத்தது சீப்புச் சீடை. தேங்காய்ப்பாலில் மாவு பிசைந்து, வரிவரியாகப் பிழிந்து, துண்டாக்கி, விரலில் சுற்றி வளையமாக ஒட்டுவது. ஒட்டிய இடம் எண்ணெயில் விரியாமல் வர எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. கெட்டதைக் கொட்டாதீர்கள், எடைபோட்டு எழுதிவையுங்கள். கிலோவுக்கு எவ்வளவு வீணாகிறது என்பதும் விலையில் சேர வேண்டிய செலவு.

புதுவயல் அரிசி ஆலைகள், மசாலா மில், எண்ணெய்க் கடை எல்லாவற்றுக்கும் இந்த மாதங்களில் நீங்களே போங்கள். ஆச்சியின் பெயரைச் சொல்லிப் போவது ஒரு மாதத்துக்குத்தான். அதற்குள் கடைக்காரருக்கு உங்கள் முகம் பழகி, சொன்ன நாளில் காசு கொடுக்கிறவர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

10. மேலாள்: ஐந்தாவது, ஆறாவது மாதம்

பதிவுகளை முடியுங்கள். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும், எண் பொட்டலத்தில் இருக்க வேண்டும். கூடவே சேர்மானங்கள், எடை, செய்த தேதி, விலை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை. இணையத்தில் பணம் கேட்கிற தரகுப் பக்கங்கள் உண்டு, ஏமாறாதீர்கள். கடன், மானியத் திட்டங்களுக்குச் சிவகங்கையில் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

விலை போடுவதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு கல்யாண வீட்டுக்கு மூன்று கிலோ சீடை, என் முதல் ஆர்டர். சாமான், எண்ணெய், எரிவாயு, டப்பா எல்லாம் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்துக் கொடுத்தேன். ராத்திரி நோட்டில் எழுதும்போதுதான் என் ஒன்பது மணி நேரத்துக்குக் கூலி போடவில்லை என்று தெரிந்தது. ஆச்சியிடம் காட்டினேன். "நீ செய்யாம இன்னொரு பொம்பளைக்கிக் கூலி குடுத்துச் செஞ்சா என்ன ஆகும், அத மொதல்ல எழுது. அதுக்கு மேல வெல வையி" என்றார். இன்றைக்கும் அந்தக் கணக்குத்தான். அப்படிப் போட்ட விலையைக் கேட்டு ஐந்து பேரில் இரண்டு பேர் போய்விடுகிறார்கள். மூன்று பேர் திரும்ப வருகிறார்கள்.

ஆறாவது மாத ஐந்தொகையை முதல் பக்கத்தில் எழுதிய எண்ணோடு வைத்துப் பாருங்கள். எண்ணுக்குக் கீழே இருந்தால் சொன்ன தேதியில் விண்ணப்பியுங்கள், தொழிலை மாலை வேலையாக வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் மதுரையில் வேலைக்குப் போய்க்கொண்டு, சனி ஞாயிறுகளில் இங்கே வந்து மரவேலை செய்கிறார். அவருடைய தூண்கள் நன்றாகவே இருக்கின்றன.

11. எந்த மாதம் வருவது

பலகாரத் தொழிலுக்கு என்றால் தை கடைசியில் வந்து இறங்குங்கள். கோடையில் பெட்டியடி, ஆடிக்குள் கை பழகிவிடும், ஆவணியில் கல்யாண ஆர்டர் தொடங்கும்போது பக்கத்தில் நிற்கலாம், தீபாவளிக்கு உங்கள் பெயரில் செய்யலாம். அடுத்து மார்கழியில் பிள்ளையார் நோன்பு. 21 இழையில் திரி போட்டு மாவில் ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் நோன்பு அது. வெளியூர்களில் இருக்கும் நகரத்தார் வீடுகளிலிருந்து அந்த நேரம் பலகாரம் கேட்டு நிறையப் போன் வரும். மற்றத் தொழில்களுக்குப் புரட்டாசி நல்லது. மழை தொடங்கி வெயில் தணிந்துவிடும், ஊருணிகளில் தண்ணீர் ஏறும்.

வரும்போது நடக்கிற மாதிரி ஒரு செருப்பும், மூடி இறுக்கமான தூக்குவாளி ஒன்றும் கொண்டுவாருங்கள். முதல் நாள் சாயங்காலமே பக்கத்து வீட்டிலிருந்து ஏதாவது வரும். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்காமல், உங்கள் ஊர்ப் பண்டம் எதையாவது போட்டுக் கொடுங்கள்.